சிகிச்சை இலவசம், போய்ச் சேர்வதுதான் செலவு

பொம்மிடியிலிருந்து சித்தேரி மலை வரை: ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே ஏழைகளை நிறுத்தி வைப்பவை எவை?

ஒரு மூங்கில் கழி, ஒரு பழைய போர்வை, தோள் கொடுக்க நான்கு ஆட்கள். சித்தேரி மலையின் உட்கிராமங்களில் நெடுங்காலமாக ஆம்புலன்ஸ் என்றால் இதுதான். போர்வையின் இரு முனைகளையும் கழியில் முடிச்சிட்டுத் தூளி கட்டுவார்கள். நோயாளி அதற்குள் சுருண்டு படுத்துக்கொள்வார். முன்னால் இருவர், பின்னால் இருவர். தோள் மாற்றிக்கொள்ள இன்னும் நாலைந்து பேர் கூடவே நடப்பார்கள். இறக்கத்தில் முன்னால் போகிறவர்கள் காலை ஊன்றி ஊன்றி இறங்க வேண்டும். தூளி ஆடினால் பிரசவ வலியில் இருப்பவளுக்கு வலி இரட்டிப்பாகும். ராத்திரியானால் ஒருவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னே போவார். அரசநத்தம், கலசப்பாடி போன்ற ஊர்க்காரர்கள் இப்படி இறங்கி, அடிவாரத்தில் வாச்சாத்திப் பக்கம் தார்ச்சாலையைத் தொட்ட பிறகுதான் 108 வண்டியைப் பார்க்க முடியும்.

தர்மபுரி மாவட்டத்தின் மருத்துவப் பிரச்சினை என்றாலே பத்திரிகைகளில் இந்தத் தூளிப் படம்தான் வரும். படம் பொய்யில்லை. ஆனால் பாதிக் கதையை மட்டுமே அது சொல்கிறது. அதே மாவட்டத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் பொம்மிடிக்கு மலைப்பாதைத் தொல்லை கிடையாது. சேலம் - ஜோலார்பேட்டை ரயில் பாதையில் ஸ்டேஷன் இருக்கிறது. பஸ் இருக்கிறது, மெடிக்கல் ஷாப் இருக்கிறது, பக்கத்தில் பாப்பிரெட்டிப்பட்டியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. வடமேற்கே போனால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தெற்கே போனால் சேலத்தின் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை. இரண்டிலும் சிகிச்சைக்குக் காசு இல்லை. அப்படியிருந்தும் சுற்றுவட்டாரக் கூலிக் குடும்பங்கள் நோயை முற்றவிட்டே ஆஸ்பத்திரிக்கு வருகின்றன. பாதை இல்லாத ஊரின் தடை கண்ணுக்குத் தெரிகிறது. பாதை உள்ள ஊரின் தடைகளைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் ஓ.பி.யின் விலை

மரவள்ளிக் காட்டில் களை எடுக்கும் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். அவள் தனியாகப் போக மாட்டாள். துணைக்குக் கணவனோ மகனோ வர வேண்டும். இரண்டு கூலி போகிறது. 100 நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அதை வைத்துப் பார்த்தாலும் 672 ரூபாய் அன்றைக்கு வீட்டுக்கு வராது. அதற்கு மேல் பஸ், டீ, மதியச் சோறு. முதல் நாள் ஓ.பி. சீட்டு வாங்கி டாக்டரைப் பார்ப்பதோடு பொழுது போய்விடும். ஸ்கேனுக்கு வேறொரு தேதி, ரிசல்ட்டுக்கு இன்னொரு தேதி, சதைப் பரிசோதனை என்றால் மறுபடியும் ஒரு நடை. ஒவ்வொரு நடைக்கும் அதே கணக்கு. ஆஸ்பத்திரிக் கணக்கில் இந்தச் செலவு எங்கேயும் பதிவாகாது. அங்கே அவள் இலவச சிகிச்சை பெற்ற பயனாளி.

இந்த இடத்தில் போக்குவரத்துக் கட்டணமே மருத்துவக் கொள்கையாகிவிடுகிறது. கொரோனாவுக்குப் பின் சாதாரண பாசஞ்சர் ரயில்களின் குறைந்தபட்சக் கட்டணம் நாடு முழுக்க 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது; மீண்டும் 10 ரூபாய்க்கு இறங்கியது 2024 பிப்ரவரியில்தான். ரயில்வே அதை மருத்துவச் செய்தியாக நினைத்திருக்காது. அதேபோல, 2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பேருந்துத் திட்டத்தையும் யாரும் சுகாதாரத் திட்டம் என்று அழைக்கவில்லை. ஆனால், கணவனிடம் பஸ் காசு கேட்காமலே ஒரு பெண் மாத்திரை வாங்கப் போய்வர முடிகிறது. நகரப் பேருந்து ஓடும் தடத்தில் மட்டுமே அந்த வசதி உண்டு என்பதால், சேலம் வரைக்கும் போக வேண்டிய நோய்க்கு அது பயன்படாது.

கடிகாரமும் ஒரு தடை. அரசு சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்க்கக் காலையில் போக வேண்டும். கூலிக்காரர் வீடு திரும்புவது அந்தி சாயும்போது. அந்த நேரத்தில் திறந்திருப்பவை தனியார் கிளினிக்குகளும் மெடிக்கல் ஷாப்புகளும்தான். ஏழைகள் ஏன் காசு கொடுத்துத் தனியாரிடம் போகிறார்கள் என்ற கேள்விக்கு, அரசு மருத்துவத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்ற பதில் சுலபமாகச் சொல்லப்படுகிறது. பல வீடுகளில் காரணம் அதைவிடச் சாதாரணமானது: இரவு 7 மணிக்கு அங்கேதான் விளக்கு எரிகிறது. கிளினிக் பீஸும் கட்டுப்படியாகாதவர்கள் மெடிக்கல் ஷாப்பில் நின்று, "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு செட் கொடுங்க" என்பார்கள். கவரில் நாலு நிற மாத்திரைகள் வரும். என்ன மாத்திரை என்று வாங்கியவருக்கும் தெரியாது, மறுநாள் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. காய்ச்சல் இறங்கினால் வேலைக்குப் போய்விடலாம். அது காசநோயாக இருந்தால் அதற்குள் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குத் தொற்றியிருக்கும்.

----------
பெட்டிச் செய்தி: எண்களில் தர்மபுரி

சேலத்திலிருந்து 1965-ல் பிரிந்து உருவான மாவட்டம். 2004-ல் இதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 15 லட்சம், எழுத்தறிவு 68.5 சதவீதம், தமிழகத்திலேயே மிகக் குறைவு. ஆறில் ஐந்து பேர் கிராமவாசிகள். பழங்குடியினர் 4 சதவீதத்துக்குச் சற்று அதிகம், பட்டியல் சாதியினர் 16 சதவீதம். அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2008-ல். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட தலைமுறைகள் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் தொடங்கி வைக்கப்பட்டது.
----------

அட்டை இருக்கிறது, ஆனால்...

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது இன்று ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இதய அறுவை சிகிச்சைக்கோ புற்றுநோய்க்கோ நிலத்தை விற்றாக வேண்டும் என்றிருந்த நிலையை இந்த அட்டை பெருமளவு மாற்றியது. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை.

அட்டை கைக்கு வரும் வழி மட்டும் அத்தனை நேராக இல்லை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும்; வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் கை தாண்டி வர வேண்டும். பிறகு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். திருப்பூர், பெங்களூரு, கேரளம் என்று பிழைக்கப் போய், திருவிழாவுக்கு மட்டும் ஊர் திரும்பும் குடும்பத்துக்கு இதில் எந்தப் படியும் சுலபமில்லை. பெரும்பாலானவர்கள் நோய் வந்து படுத்த பிறகுதான் அட்டையைத் தேடுகிறார்கள். ஆளை வார்டில் விட்டுவிட்டு மகன் தாலுகா ஆபீஸில் நிற்பது வழக்கமான காட்சி.

அட்டை கிடைத்தாலும் அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கானது. அன்றாடம் வாங்கும் மாத்திரை, வெளிநோயாளியாகச் செய்யும் பல பரிசோதனைகள், கூட இருப்பவரின் சாப்பாடு, வீட்டில் பட்டினி கிடக்கும் ஆடு மாடு எதுவும் அதன் கணக்கில் வராது. இந்த ஓட்டையை அடைப்பது கடன். மகளிர் குழுக் கடன், மைக்ரோ பைனான்ஸ், நகை அடகு, மீட்டர் வட்டி என்று அவசரம் கூடக் கூட வட்டியும் ஏறும். வாரத் தவணை கட்ட வேண்டிய பெண், உடம்பு முடியாவிட்டாலும் வேலைக்குப் போகிறாள். நோய்க்கு வாங்கிய கடன் அடுத்த நோயைப் பார்க்கவிடாமல் தடுப்பது இப்படித்தான்.

----------
பெட்டிச் செய்தி: படுத்தால் எவ்வளவு?

தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்றின்படி (2017-18), பிரசவம் நீங்கலாக, ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு. இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது 2021-22-ல் 39.4 சதவீதம், பத்து ஆண்டுகளுக்கு முன்பு இது 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.
----------

தாமதத்தின் மூன்று கட்டங்கள்

பிரசவ மரணங்களை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இருவர் 1994-ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். உயிரைப் பறிக்கும் தாமதம் மூன்று இடங்களில் நேர்கிறது: ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில். மூன்றாவது மட்டுமே விசாரணைக்கு வரும். முதல் இரண்டும் வீட்டிலும் வழியிலும் நடந்து முடிந்துவிடுவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

2014 நவம்பரில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் 11 பச்சிளம் குழந்தைகள் இறந்தன. மாநிலமே பதறியது, விசாரணைக் குழு வந்தது, அரசியல் கட்சிகள் வந்தன. எடைக்குறைவு, பிறக்கும்போதே மூச்சுத்திணறல், பிற ஆஸ்பத்திரிகளிலிருந்து கவலைக்கிடமாக வந்து சேர்ந்த நிலை என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. மருத்துவமனையின் கருவி, ஆள் பற்றாக்குறை குறித்த கேள்விகள் அவசியமானவை. அதே அளவுக்கு இன்னொரு கேள்வியும் அவசியம்: இத்தனை குழந்தைகள் எடை குறைந்து பிறந்தது ஏன்? விடை இன்குபேட்டரில் இல்லை. பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணம், ரத்தசோகையோடு கர்ப்பம், ஏழாம் மாதம் வரை செங்கல் சூளையிலோ கரும்பு வெட்டிலோ வேலை. பெண் குழந்தையை வேண்டாம் என்று கருதியதால் தொட்டில் குழந்தைத் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்த வட்டாரம் இது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய அந்தத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. பிறக்கும் முன்பே ஒதுக்கப்படுகிறவளுக்கு, வளர்ந்த பின் ஆஸ்பத்திரிக்குப் போகும் முடிவு மட்டும் கையில் இருக்குமா? மாமியாரோ கணவனோ சரி என்று சொல்லும் வரை அவள் காத்திருக்கிறாள். முதல் தாமதம் என்பது நடைமுறையில் இந்தக் காத்திருப்புதான்.

சாதியும் காக்கியும்

ஊர் என்றும் காலனி என்றும் இரண்டாகப் பிரிந்த கிராமங்களில், துணை சுகாதார நிலையமும் அங்கன்வாடியும் எந்தப் பக்கம் கட்டப்பட்டிருக்கின்றன என்பது சின்ன விஷயமில்லை. காலனிக்குள் வந்து உட்கார்ந்து பேசும் கிராம செவிலியருக்கும், தெருமுனையில் நின்று பெயரைக் கூப்பிட்டு மாத்திரையை நீட்டிவிட்டுப் போகும் செவிலியருக்கும் உள்ள வேறுபாடு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு (2010), மருந்து கொடுக்கும்போதும் பரிசோதிக்கும்போதும் தொடாமல் தவிர்ப்பது வழக்கமாக இருந்ததைப் பதிவு செய்தது. அவமானப்பட்ட இடத்துக்கு மறுமுறை யாரும் சீக்கிரம் போக மாட்டார்கள்.

மலைவாசிகளுக்கு இன்னொரு அச்சமும் உண்டு. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை கடத்தல் சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் வாச்சாத்திக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. 269 பேர் மேல் தொடரப்பட்ட வழக்கில், 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சீருடை போட்டவரும் பதிவேடு வைத்திருப்பவரும் இப்படி நடந்துகொண்ட மண்ணில், அரசுக் கட்டடத்துக்குள் நுழையத் தயங்குவதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது.

சிட்லிங்கியில் நடந்தது

வாச்சாத்திச் சம்பவத்துக்கு அடுத்த ஆண்டு, 1993-ல், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் கிடக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் இரண்டு டாக்டர்கள் வேலையைத் தொடங்கினார்கள். ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி. ஆலப்புழையில் மருத்துவம் படித்து, காந்திகிராமத்தில் பணியாற்றிய தம்பதி. அப்போது பள்ளத்தாக்கின் மக்களுக்கு மிக அருகில் இருந்த ஆஸ்பத்திரி அரூரில், 48 கிலோமீட்டர் தூரத்தில். அறுவை சிகிச்சை என்றால் சேலமோ தர்மபுரியோ போக வேண்டும். பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன.

ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிக் கொடுத்த ஒரு மண் குடிசைதான் ஆஸ்பத்திரி. ஒரே அறை. ஓ.பி.யும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். 100 வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் பிரசவமும் சிறு அறுவை சிகிச்சைகளும் நடந்தன. இன்று அது 35 படுக்கைகளும் ஆபரேஷன் தியேட்டரும் உள்ள பழங்குடி மருத்துவமனை. குழந்தை இறப்பு விகிதம் 20-ஐ ஒட்டி வந்துவிட்டது.

இந்த மாற்றத்துக்கு டாக்டர்களின் தியாகம்தான் காரணம் என்று எழுதுவது பத்திரிகைகளின் பழக்கம். அவர்கள் செய்த வேலையை அது மறைத்துவிடும். முதல் வேலை, அந்தப் பள்ளத்தாக்கின் பெண்களையே செவிலியர்களாகவும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. கர்ப்பிணியின் வீட்டுக்குப் போய் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பவள் அவளுக்கு அத்தை முறையோ அக்கா முறையோ ஆகிறவள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, இப்போதே கிளம்ப வேண்டும் என்று அவள் சொன்னால் மாமியார் கேட்பார். முடிவெடுப்பதில் ஆகும் தாமதம் அங்கே குறைந்தது. இரண்டாவது வேலை, வைத்தியத்துக்கு வெளியே போனது. உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கடன் வாங்கி நொடித்த விவசாயிகளுக்கு இயற்கை வேளாண் சங்கம். லம்பாடிப் பெண்களின் மறந்துபோன தையல் வேலைப்பாட்டை வருமானமாக்கிய 'போர்கை' அமைப்பு. வருமானம் இருந்தால் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போக வேண்டாம். ஊரில் இருந்தால் தடுப்பூசி தவறாது, சிறுதானியமும் பாலும் தட்டில் இருக்கும். மருத்துவமனை நடத்துகிறவர்கள் சாமையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

மருத்துவம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கும் என்பதை 1971-ல் ஒரு விதியாகவே எழுதினார், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட். சந்தையின் கையில் விடப்படும் அளவுக்கு அந்த விதி கடுமையாகும் என்றும் சொன்னார். சிட்லிங்கி அதற்கு விலக்கு. ஆனால் விலக்குகளை நம்பி ஒரு மாவட்டத்தை நடத்த முடியாது.

தேதி தெரிந்த நோய், தெரியாத நோய்

தமிழ்நாடு அரசு எதில் வென்றது, எதில் திணறுகிறது என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. பிரசவத்துக்குத் தேதி உண்டு. அதனால் அதற்கு முன்கூட்டியே திட்டம் போட முடிந்தது. மூன்று செவிலியர்களோடு 24 மணி நேரமும் இயங்கும் சுகாதார நிலையங்கள், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய், மலைப்பகுதிக் கர்ப்பிணிகள் நாள் நெருங்கும்போதே துணையோடு வந்து தங்கிக்கொள்ளும் பிரசவக் காத்திருப்பு அறைகள். பலன்: 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. உதவித்தொகை வெறும் ஊக்கப் பரிசல்ல. இழந்த கூலிக்கு ஈடு. முன்பு போட்ட கணக்கை அரசே ஒப்புக்கொண்ட இடம் அது.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதா மாதம் தேதி உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. கொடுக்க வருபவர் உள்ளூர் மகளிர் குழுப் பெண். மாதம் ஒரு நாள் கூலி மிச்சம்.

பாம்புக்கடிக்குத் தேதி கிடையாது. பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் கிடையாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே இறந்தது. சாலை இல்லாததால் உடலையும் தாய் கையில் ஏந்தியே மலைக்கு நடந்தாள். விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது. 2024 நவம்பரில் பாம்புக்கடி, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகவும் அறிவிக்கப்பட்டது. இவை மூன்றாவது தாமதத்தைக் குறைக்கும். இரண்டாவதைக் குறைக்கச் சாலைதான் வேண்டும். அது சுகாதாரத்துறையின் கையில் இல்லை.

மலைக் கிராமங்களுக்குச் சாலை கேட்டால் வனச்சட்டம் இடம் தராது என்பதே வழக்கமான பதில். 2006-ன் வன உரிமைச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. அதன் 3(2) பிரிவின்படி சாலை, மருந்தகம், அங்கன்வாடி, பள்ளி, குடிநீர் போன்ற 13 வகைத் தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், எடுத்துக்கொள்ளலாம். கிராம சபையின் பரிந்துரை வேண்டும். கோட்ட வன அலுவலர் அளவிலேயே அனுமதி தரலாம். தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின் அமலாக்கம் 2008 முதல் 2016 வரை நீதிமன்ற உத்தரவால் முடங்கிக் கிடந்தது. அந்தத் தடை நீங்கிய பிறகும், எந்தப் படிவத்தில் தீர்மானம் எழுதி யாரிடம் கொடுப்பது என்று மலைமேல் இருக்கும் ஊர்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. சர்வேயர் வர வேண்டும், அளக்க வேண்டும், வனத்துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் ஒரே வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு ஹெக்டேர் என்பது மூன்றரை மீட்டர் அகலத்தில் சுமார் 2.8 கிலோமீட்டர் சாலைக்குப் போதும். அதைவிட நீளமான பாதைக்கு மத்திய அரசின் வனப் பாதுகாப்புச் சட்ட அனுமதி தேவைப்படும். மாற்று நிலம் காட்ட வேண்டியிருக்கும்.